கத்தாரிலிருந்து மதுரைக்குத் திரும்பும் பதினான்கு வயது மகளுக்கு எந்தப் பள்ளி?

தோஹாவிலிருந்து ஒரு தாய்:

அனைவருக்கும் வணக்கம். என் கணவர் பதினான்கு ஆண்டுகளாகத் தோஹாவில் பொறியாளராகப் பணியாற்றுகிறார். மதுரை அண்ணாநகரில் தனியாக இருக்கும் என் மாமியாருக்குச் சென்ற ஆவணியில் இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பிறகு துணையில்லாமல் அவரால் நடமாட முடியவில்லை என்பதால், வரும் ஜூன் இறுதியில் நானும் மகளும் மதுரைக்கு வந்துவிடுவது, கணவர் இரண்டு ஆண்டுகள் கழித்து வருவது என்று முடிவு செய்துள்ளோம். இன்னும் முடிவாகாமல் நிற்பது மகளின் பள்ளி ஒன்றுதான்.

அவள் பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளியில் இயர் 9 முடிக்கப் போகிறாள். அறிவியலில் நல்ல ஆர்வம். மருத்துவம் படிக்க வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாகச் சொல்லி வருகிறாள். தமிழில் தடையின்றிப் பேசுவாள், அப்பத்தாவுடன் தொலைபேசியில் மணிக்கணக்கில் பேசுவாள். ஆனால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். எழுதுவது அதைவிடக் குறைவு.

எங்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. வீட்டிலிருந்து கால் மணி நேரத் தொலைவில் ஒரு சிபிஎஸ்இ பள்ளி இருக்கிறது. ரிங் ரோட்டை ஒட்டி, பெயரிலேயே ‘இன்டர்நேஷனல்’ என்று தாங்கிய பள்ளி ஒன்று இருக்கிறது. அங்கே கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம் நடப்பதாகவும், பதினொன்றாம் வகுப்பில் ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலரியேட்) என்னும் பன்னாட்டுப் படிப்பு வரப்போவதாகவும் தொலைபேசியில் சொன்னார்கள். மூன்றாவது, கொடைக்கானலில் விடுதியுடன் கூடிய பள்ளி. கணவர் மூன்றாவதையே விரும்புகிறார். படிப்பு இப்போதுள்ள முறையிலேயே தொடரும் என்பது அவருடைய எண்ணம். பேத்தி பக்கத்தில் இருப்பாள் என்றுதான் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்கிறார் மாமியார். இப்படித் திரும்பி வந்த குடும்பங்கள் இங்கே இருந்தால், எதை முதலில் பார்த்து முடிவெடுத்தீர்கள் என்று சொல்ல வேண்டுகிறேன்.

திருநகர் தந்தை:

சகோதரி, நாங்கள் 2019-இல் மஸ்கட்டிலிருந்து மகனுடன் திரும்பியவர்கள். நாங்கள் செய்த தவறு உங்களுக்கு நேரக் கூடாது என்பதற்காகவே சற்று நீளமாக எழுதுகிறேன்.

பள்ளியின் பெயரைப் பார்ப்பதற்கு முன் மகளின் வகுப்புக் கணக்கைப் பாருங்கள். பிரிட்டிஷ் முறையில் இயர் 10, இயர் 11 ஆகிய இரண்டும் சேர்ந்து ஒரே படிப்பு. அதன் முடிவில் ஐஜிசிஎஸ்இ தேர்வு. சிபிஎஸ்இ-யிலும் ஒன்பதும் பத்தும் சேர்ந்து இரண்டாண்டுப் படிப்புதான். ஒன்பதாம் வகுப்பிலேயே வாரியத்தில் மாணவரின் பெயரைப் பதிந்துவிடுவார்கள். இயர் 9 என்பது இங்கே எட்டாம் வகுப்பு. எனவே உங்கள் மகள் மிகச் சரியான இடத்தில் நிற்கிறாள்: எந்த வாரியத்தில் சேர்ந்தாலும் ஒரு படிப்பின் தொடக்கத்தில் சேருவாள். சிபிஎஸ்இ பள்ளிகளில் ஏப்ரலிலேயே வகுப்பு தொடங்கிவிடுவதால் சில வாரப் பாடங்கள் விட்டுப்போயிருக்கும், ஆனால் அதை ஈடுசெய்ய முடியும்.

நாங்கள் இயர் 10-இன் நடுவில், ஜனவரியில் வந்தோம். சிபிஎஸ்இ பள்ளிகளில் விசாரித்தபோது, அடுத்த கல்வியாண்டில் நேராகப் பத்தாம் வகுப்பில் சேர்க்க இயலாது, ஒன்பதாம் வகுப்பை முதலிலிருந்து படிக்க வேண்டும் என்றார்கள். ஓராண்டை இழக்க மனமில்லாமல், ‘சர்வதேசப் பள்ளி’ என்று விளம்பரம் செய்த ஓரிடத்தில் சேர்த்தோம். மஸ்கட்டில் என் மகன் படித்தது எடெக்செல் வாரியத்தின் ஐஜிசிஎஸ்இ. இங்கே நடத்தியது கேம்பிரிட்ஜ். இரண்டும் ஒன்றுதான் என்று சேர்க்கையின்போது சொன்னார்கள். ஒன்றல்ல என்பது, பாடப்பகுதிகளும் வினாத்தாள் அமைப்பும் வேறாக இருப்பதை அவன் தானாகக் கண்டுபிடித்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. புவியியலுக்கு அங்கே ஆசிரியரே இல்லாததால் அந்தப் பாடத்தை விட்டுவிட நேர்ந்தது.

அடுத்த அடி இதைவிடப் பெரியது. பதினொன்றில் ஐபி நடத்தப்போவதாக உறுதி சொல்லியிருந்த அந்தப் பள்ளி, அப்போது ஐபி அமைப்பில் வெறும் விண்ணப்ப நிலைப் பள்ளியாகவே இருந்தது. ஆங்கிலத்தில் இந்த நிலையைக் ‘கேண்டிடேட் ஸ்கூல்’ என்பார்கள். முழு அங்கீகாரம் கிடைத்த பிறகே ஒரு பள்ளி ஐபி டிப்ளமோ வகுப்பைத் தொடங்க முடியும். அந்த அங்கீகாரம் வரவில்லை. பதினாறு வயதுப் பிள்ளையைச் சென்னையில் என் தம்பி வீட்டில் விட்டுப் படிக்கவைத்தோம். அந்த இரண்டு ஆண்டுகள் அவன் எங்களோடு அதிகம் பேசவில்லை என்பதை இப்போது நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது.

ஆகவே ‘வரப்போகிறது’ என்ற சொல்லை நம்பாதீர்கள். ‘இன்டர்நேஷனல்’ என்பது பெயர் மட்டுமே. அந்தப் பெயரோடு சிபிஎஸ்இ மட்டும் நடத்தும் பள்ளிகள் நம் மாவட்டத்திலேயே உண்டு. ஐபி அமைப்பின் இணையதளத்திலும் கேம்பிரிட்ஜின் இணையதளத்திலும் பள்ளியின் பெயரைத் தேடிப் பாருங்கள். கேம்பிரிட்ஜ் தேர்வு மைய எண்ணைக் கேளுங்கள். சென்ற ஆண்டு ஐஜிசிஎஸ்இ எழுதியவர்கள் எத்தனை பேர், இயற்பியல் ஆசிரியர் எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். படிப்பை முடித்து வெளியேறிய பிள்ளையின் பெற்றோர் ஒருவரையாவது சந்திக்க வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். அதற்குத் தயங்கும் பள்ளி எனில் அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம்.

தல்லாகுளம் வேதியியல் ஆசிரியர் (பணி ஓய்வு):

மேலே எழுதியவர் சேர்க்கையைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் மருத்துவப் படிப்பிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுச் சொல்கிறேன்.

இந்தியாவில் எம்பிபிஎஸ் சேர நீட் எழுத வேண்டும். பதினொன்று, பன்னிரண்டு வகுப்புகளில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். ஐபி டிப்ளமோவில் இங்குதான் சிக்கல் எழுகிறது. அதில் ஆறு பாடங்கள்: இரண்டு மொழிகள், ஒரு சமூக அறிவியல், ஒரு அறிவியல், கணிதம், ஆறாவதாகக் கலை. அந்தக் கலைப் பாடத்துக்குப் பதிலாக இன்னொரு அறிவியலை எடுத்துக்கொள்ளலாம் என்பதால், இரண்டு அறிவியல் பாடங்கள் எளிதில் அமைந்துவிடும். மூன்றாவது வேண்டுமானால், பல்கலைக்கழகத் தேவையைக் காட்டி வழக்கத்துக்கு மாறான பாடத்தொகுப்புக்குப் பள்ளியின் வழியாக அனுமதி பெற வேண்டும். இது கிடைக்கக்கூடியதே, ஆனால் பள்ளி முன்னின்று செய்ய வேண்டும். நாலாயிரம் சொல் ஆய்வுக் கட்டுரையும் சமூகப் பணியும் அந்தப் படிப்பில் கட்டாயம். நல்ல கல்விதான், ஐயமில்லை. ஆயினும் அதே இரண்டு ஆண்டுகளில் நீட்டுக்கும் தயாராவது ஒரு பிள்ளையை மிகவும் வருத்தும். ஐஜிசிஎஸ்இ-க்குப் பின் வரும் இரண்டாண்டுப் படிப்பான கேம்பிரிட்ஜ் ஏ லெவலில் மூன்று அறிவியல் பாடங்களையும் எடுப்பது எளிது; ஆனால் வெளிநாட்டு வாரியம் என்பதால் அது இங்குள்ள பன்னிரண்டாம் வகுப்புக்கு நிகரானது என்று இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்திடம் இணைத்தன்மைச் சான்றிதழ் பெற வேண்டியிருக்கும். ஐஜிசிஎஸ்இ-யில் ஆங்கிலம் உட்பட ஐந்து பாடங்களுக்குக் குறையாமல் வைத்துக்கொள்வது இதற்காகவும் அவசியம்.

நீட் வினாக்கள், சிபிஎஸ்இ பள்ளிகளில் படிக்கும் என்சிஇஆர்டி பாடநூல்களின் போக்கிலேயே அமைகின்றன. நான் தனியாகப் பாடம் சொல்லிக்கொடுத்த ஏ லெவல் மாணவர்கள் சிலர் கருத்தை ஆழமாகப் புரிந்துகொண்டவர்கள். ஒரு வினாவை ஒரு நிமிடத்துக்குள் முடிக்கும் பழக்கம் மட்டும் அவர்களுக்குக் கைவரவில்லை. இந்தியாவில்தான் மருத்துவம் என்பது உறுதியானால், என் கருத்து சிபிஎஸ்இ ஒன்பதாம் வகுப்பு. பிரிட்டனோ ஆஸ்திரேலியாவோ என்ற எண்ணமும் உங்களுக்கு இருந்தால், அங்கீகாரம் சரியாக உள்ள கேம்பிரிட்ஜ் பள்ளியில் ஐஜிசிஎஸ்இ முடித்துவிட்டு, பதினொன்றாம் வகுப்புக்குச் சிபிஎஸ்இ-க்கு மாறலாம். அது பலரும் போகும் பாதை. கேம்பிரிட்ஜ் தேர்வு இந்தியாவில் மார்ச் மாதத்திலும் நடப்பதால், ஜூனில் பதினொன்றாம் வகுப்பு சேர முடிவுகள் கைக்கு வந்துவிடும். மே–ஜூன் சுற்றில் மட்டுமே எழுதவைக்கும் பள்ளியென்றால் இந்த வசதி போய்விடும்.

தமிழைப் பற்றி ஒரு சொல். 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் பின்னர் மற்ற வாரியப் பள்ளிகளுக்கும் படிப்படியாக விரிவாக்கப்பட்டதால், தமிழ்நாட்டில் சிபிஎஸ்இ பள்ளியில் படிக்கும் பிள்ளையும் பத்தாம் வகுப்பு வரை தமிழ் படிக்க வேண்டும். உங்கள் மகளுக்கு இது முதல் ஆறு மாதம் கடினமாக இருக்கும். பள்ளி எத்தகைய உதவி தரும் என்பதைச் சேர்க்கைக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பேச்சுத் தமிழ் நன்றாக இருக்கும் பிள்ளைக்கு எழுத்து வந்து சேர நாளாகாது. தினமும் அரை மணி நேரம் செய்தித்தாளை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

வத்தலக்குண்டு வாசகி:

கொடைக்கானல் பற்றி நான் சொல்லலாம் என்று நினைக்கிறேன்; என் தங்கை மகள் குவைத்திலிருந்து வந்து அங்கே படித்தவள்.

வெளிநாட்டுக் குடும்பத்துப் பிள்ளையை எங்கே படிக்கவைப்பது என்பது நம் பகுதிக்குப் பழைய கேள்வி. மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் வெப்பத்துக்கும் காய்ச்சலுக்கும் தப்பி 1845-இல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். 1901-இல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளிதான் இன்று கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல். 1976-இல் இந்தியாவிலேயே முதலாவதாக ஐபி டிப்ளமோவைக் கொண்டுவந்ததும் அதுவே. ஆகவே திருநகர் ஐயா சொன்ன அங்கீகார அச்சம் அங்கே இல்லை.

என் தங்கை மகளுக்கு அங்கே கிடைத்த பெரிய நன்மை, அவளைப் போலவே நாடு மாறி நாடு வந்த பிள்ளைகளின் நட்பு. ‘உனக்குத் தமிழ் எழுதத் தெரியாதா?’ என்று அங்கே யாரும் அவளைக் கேட்கவில்லை. பதினான்கு வயதில் இந்த ஒரு கேள்வி எவ்வளவு காயப்படுத்தும் என்பதை நாம் பெரியவர்கள் குறைவாகவே மதிப்பிடுகிறோம். நீங்கள் எந்தப் பள்ளியைத் தேர்ந்தாலும், வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் அந்த வகுப்பில் வேறு யாரேனும் இருக்கிறார்களா என்று கேளுங்கள்.

ஆனால் உங்கள் வீட்டு நிலை வேறு. மதுரையிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர். மலைப்பாதை சேர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேலாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து பாதை அடைபடும் நாட்களும் உண்டு. துணையின்றி நடமாட முடியாத ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு, கணவரும் அருகில் இல்லாமல், நீங்கள் ஒருவராக எத்தனை முறை மலையேறி இறங்க முடியும்? மகளை ஒருமுறை தனியாகக் கேட்டுப் பாருங்கள், அம்மா. உங்கள் பதிவில் கணவரின் விருப்பமும் மாமியாரின் விருப்பமும் இருக்கின்றன. அவள் எந்தப் பள்ளியை விரும்புகிறாள் என்பது இல்லை.

தோஹாவிலிருந்து ஒரு தாய்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கடைசியாக எழுதியவர் கேட்டது என்னை உறங்கவிடவில்லை. நேற்று மகளிடம் கேட்டேன். விடுதிக்குப் போகச் சொல்வீர்களோ என்று ஒரு மாதமாகப் பயந்துகொண்டிருந்தேன், அப்பத்தா வீட்டில் இருந்தே படிக்கிறேன் என்றாள். தமிழ் எழுத்து ஒன்றுதான் அவளுக்குக் கவலை. நேற்றிரவே உயிர்மெய் எழுத்துப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, தோஹாவில் இருந்தபடியே அப்பத்தாவிடம் தொலைபேசியில் பாடம் கேட்கத் தொடங்கிவிட்டாள்.

ரிங் ரோடு பள்ளியின் பெயரைக் கேம்பிரிட்ஜ் இணையதளத்தில் தேடினேன், இருக்கிறது. ஐபி பட்டியலில் இல்லை. கணவரும் நானும் பேசி, அண்ணாநகர் அருகிலுள்ள சிபிஎஸ்இ பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு விண்ணப்பிப்பது என்று தீர்மானித்தோம். இங்கிருந்து கிளம்புவதற்குள் எந்தெந்தச் சான்றிதழ்களை வாங்கிவிட வேண்டும்?

திருநகர் தந்தை:

மகிழ்ச்சி, சகோதரி. மாற்றுச் சான்றிதழில் அந்நாட்டுக் கல்வித் துறையின் சான்றொப்பமும் இந்தியத் தூதரகத்தின் சான்றொப்பமும் வாங்கிவிடுங்கள். இங்கே வந்தபின் அதற்காக அலைவது பெரும்பாடு. கடைசி மூன்று ஆண்டு மதிப்பெண் அறிக்கைகள், தடுப்பூசி அட்டை, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் மூலப்படிகள் கையில் இருக்கட்டும். பெயரின் எழுத்துகளும் தலைப்பெழுத்தும் பாஸ்போர்ட்டிலும் மாற்றுச் சான்றிதழிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்பதாம் வகுப்பில் பதியும் பெயரே கடைசிவரை வரும். நான்கு ஆண்டுகள் கழித்து மாநில ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கும்போது, பள்ளிப் படிப்பின் ஒரு பகுதியை வெளியே படித்தவள் என்பதால் தமிழ்நாட்டைச் சேர்ந்தவள் என்பதற்கான நேட்டிவிட்டி சான்றிதழ் கேட்பார்கள். அதற்கு உங்கள் இருவரின் பள்ளிச் சான்றிதழ்களும் தேவைப்படலாம்; அவை தோஹாவில் இருந்தால் மறக்காமல் எடுத்து வாருங்கள்.