பி1 ஆங்கிலத் தேர்வு: சொற்பட்டியலை மனப்பாடம் செய்வது போதுமா?

கேள்வி

வணக்கம். கேம்பிரிட்ஜ் நடத்தும் பி1 பிரிலிமினரி என்னும் இடைநிலை ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகி வருகிறேன். இலக்கணத்தில் பெரிய சிக்கல் இல்லை; சொற்களில்தான் தடுமாற்றம். அதிகாரபூர்வச் சொற்பட்டியலைத் தரவிறக்கி, அகர வரிசைப்படி நாள்தோறும் ஒரு பக்கம் படிக்கிறேன். பட்டியலில் பார்க்கும்போது எல்லாமே தெரிந்த சொற்களாகத் தோன்றுகின்றன. ஆனால் வாசிப்புத் தாளின் ஐந்தாம் பகுதியில், ஒரு கோடிட்ட இடத்துக்குத் தரப்படும் நான்கு சொற்களுக்கும் பொருள் தெரிந்திருந்தும் எதைத் தேர்ந்தெடுப்பது என்று புரிவதில்லை. மின்னஞ்சல் எழுதும்போதும் ‘குட்’, ‘நைஸ்’ ஆகியவையே திரும்பத் திரும்ப வருகின்றன. இதே வழியில் தொடர்ந்து பட்டியலை முடித்துவிடலாமா, அல்லது முறையை மாற்ற வேண்டுமா?

முதல் பதில்

முறையை மாற்றுவதே நல்லது. நீங்கள் குறிப்பிடும் ஐந்தாம் பகுதியில் ஆறு இடங்கள்தான் உள்ளன; அங்கே தரப்படும் நான்கு சொற்களும் பெரும்பாலும் நெருங்கிய பொருள் கொண்டவையாகவே இருக்கும். விடையைத் தீர்மானிப்பது பொருள் மட்டுமன்று, அந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும் எது வருகிறது என்பதும்தான். ‘டிசிஷன்’ என்பதோடு ‘மேக்’ வரும், ‘ஹோம்வொர்க்’ என்பதோடு ‘டூ’ வரும். ‘டிபெண்ட்’ என்றால் அடுத்து ‘ஆன்’, ‘இன்டரஸ்டட்’ என்றால் அடுத்து ‘இன்’. தனிச்சொல்லை எழுதி எதிரே தமிழ்ப் பொருளை மட்டும் குறித்துக்கொள்பவருக்கு இந்தச் செய்தி எதுவும் கிடைப்பதில்லை. ‘பற்றி விவாதித்தோம்’ என்று தமிழில் நினைத்துப் பழகியதால் ‘டிஸ்கஸ்’ என்பதற்குப் பின் ‘அபவுட்’ சேர்த்து எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அந்த வினைக்குப் பின் செயப்படுபொருள் நேரடியாகவே வரும். ஆகவே குறிப்பேட்டில் ‘டிஸ்கஸ்’ என்று மட்டும் எழுதாமல், ‘டிஸ்கஸ் தி பிளான்’ என்று தொடராகவே எழுதுங்கள்.

அகர வரிசையையும் கைவிடுங்கள். ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களை அடுத்தடுத்துப் படித்தால் ஒன்றோடொன்று குழம்பும். அதே பட்டியலின் பிற்பகுதியில் பயணம், உடல்நலம், வீடு எனத் தலைப்புவாரியாகச் சொற்கள் பிரிக்கப்பட்டுள்ளன. அங்கிருந்து தொடங்குவது எளிது. தேர்வில் வரக்கூடிய எல்லாச் சொற்களும் அதில் அடங்கிவிடுவதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இரண்டாம் பதில்

மேலே சொல்லப்பட்டது சரி. நான் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: பட்டியலில் பார்த்தவுடன் ‘தெரியும்’ என்று தோன்றுவது, தேவைப்படும் நேரத்தில் அந்தச் சொல் நினைவுக்கு வரும் என்பதற்கு உறுதியன்று. அட்டையின் ஒரு பக்கத்தில், படிக்க வேண்டிய சொல்லுக்குரிய இடத்தை மட்டும் வெறுமையாக விட்டு ஒரு வாக்கியத்தை எழுதுங்கள். மறுபக்கத்தில் அந்தச் சொல்லை எழுதுங்கள். விடையைப் பார்ப்பதற்கு முன் உரக்கச் சொல்லிப் பாருங்கள். மறதி தொடக்கத்தில் வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் நிகழ்கிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885ஆம் ஆண்டிலேயே ஆய்ந்து வெளியிட்டார். எனவே மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து என இடைவெளியைக் கூட்டிக்கொண்டே திருப்புதல் செய்யுங்கள். ஆங்கி போன்ற செயலி இந்தக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் பிறர் உருவாக்கி வைத்திருக்கும் அட்டைகளைவிட, நீங்கள் வாசித்த வாக்கியத்திலிருந்து நீங்களே எழுதும் அட்டைதான் மனத்தில் நிற்கும்.

மூன்றாம் பதில்

அட்டைகளிலேயே நேரம் முழுவதையும் செலவிட்டுவிட வேண்டாம். வாசிப்பு இல்லாமல் எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்ற உணர்வு வளராது. உதவியின்றி வாசித்துப் புரிந்துகொள்ள, பக்கத்திலுள்ள சொற்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்பது பால் நேஷன் உள்ளிட்ட ஆய்வாளர்களின் கணிப்பு. அதாவது நூறு சொற்களுக்கு இரண்டு மட்டுமே புதியவையாக இருக்கலாம். செய்தித்தாள் அந்த அளவைத் தாண்டிவிடும் என்பதால், பி1 நிலைக்கென்று எளிமைப்படுத்தப்பட்ட கதைநூல்களை இப்போது வாசியுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. குறிப்பேட்டைத் தொடர்களாக மாற்றி எழுதத் தொடங்குகிறேன். எழுத்துத் தாளுக்காகக் ‘குட்’ என்பதற்கு ஈடான கடினமான சொற்களைத் தேடிப் படிக்க வேண்டுமா?

முதல் பதில் எழுதியவர்

வேண்டியதில்லை. எழுத்துத் தாளில் இரண்டு பகுதிகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 100 சொற்கள். முதல் பகுதி மின்னஞ்சல். அதில் தரப்படும் நான்கு குறிப்புகளுக்கும் பதில் தர வேண்டும். மொழிக்கு மதிப்பெண் உண்டு என்றாலும், இடத்துக்குப் பொருந்தாத அரிய சொல் அங்கே உதவாது. உணவைப் பற்றி எழுதும்போது ‘டெலிஷஸ்’, பயணத்துக்கு ‘எக்ஸைட்டிங்’, உதவியவரைக் குறிக்க ‘ஹெல்ப்ஃபுல்’ என்று பொருளைக் குறிப்பாகச் சொல்லும் எளிய சொற்களே போதும். நீங்கள் ஏற்கெனவே எழுதிய மின்னஞ்சல் ஒன்றை எடுத்து, ‘குட்’ வந்துள்ள ஒவ்வோரிடத்திலும் எதனால் அது நன்றாக இருந்தது என்று யோசித்து மாற்றி எழுதிப் பாருங்கள். விரும்பினால் இங்கே பதிவிடுங்கள், படித்துக் கருத்துச் சொல்கிறோம்.