புதுப்பிப்பு: மகனைக் கோயிலுக்குக் கூட்டிப்போவதா என்று கேட்டிருந்தேன்

சர்ச் ஆராதனையில் டிரம்ஸ் தொடங்கியதும் ஆட்டிசம் உள்ள என் ஏழு வயது மகன் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான், கோயிலுக்கே போகாமல் இருந்துவிடலாமா என்று இரண்டு மாதம் முன்பு கேட்டிருந்தேனே, ஈரோட்டிலிருந்து, அந்த அம்மாதான்.

நீங்கள் சொன்னபடி ஆயரிடம் நேரில் பேசினோம். "முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்களே" என்றார். இப்போது ஸ்பீக்கர் இல்லாத கதவோரம் எங்கள் இடம். தாங்க முடியாவிட்டால் வெளியே வேப்பமரத்தடி.

சனிக்கிழமை இரவே மறுநாள் நடக்கப்போவதை வரிசையாக வரைந்து வைக்கிறோம்: சட்டை, ஸ்கூட்டர், மணி, பாட்டு, ஜெபம். கடைசிப் படம் அம்முச்சி வீட்டுக் கச்சாயம். ஒவ்வொன்றும் முடிந்ததும் அதை விரலால் தொட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கிறான். போன ஞாயிறு காணிக்கைப் பை வந்தபோது காசைப் போட்டுவிட்டு, பையின் வெல்வெட்டை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தான். பை பிடித்திருந்த அண்ணன் அவசரப்படுத்தவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"உபவாசம் இருந்து ஜெபித்தால் போதும், தெரபி எதுக்கு" என்று சொன்ன சொந்தக்காரர் மட்டும் மாறவில்லை. நாங்கள் தினமும் ஜெபிக்கிறோம், தெரபிக்கும் போகிறோம். இரண்டையும் விடமாட்டோம்.

அப்புறம், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை பற்றிக் கேட்டவருக்கு: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. மாற்றுத்திறன் சான்றிதழ் கையில் இருந்தால் நிராமயா என்ற மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டுக்கும் எழுதிப்போடுங்கள். வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவும் அதில் சேரும்.