‘கெப்பாசிட்டி ஃபேக்டர்’ தமிழில்: பயன்பாட்டுக் காரணியா, ஈட்டுவீதமா?

தருமபுரியிலிருந்து

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் வாசகர் வட்டம் மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு சிறு நூல் தயாரித்துக்கொண்டிருக்கிறது. உலகம் எதிலிருந்து எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்பதுதான் பொருள். புதைபடிவ எரிபொருள், அணுமின்சாரம், புதுப்பிக்கத்தக்க ஆற்றல் போன்ற சொற்களில் தொந்தரவு இல்லை, பாடநூலிலேயே பழகிவிட்டன. அட்டவணையில் ஒரே ஒரு தலைப்பு மட்டும் ‘கெப்பாசிட்டி ஃபேக்டர்’ என்று அப்படியே நிற்கிறது. ஒரு மின்நிலையம் கொடுக்கக்கூடியதில் உண்மையில் எவ்வளவு கொடுத்தது என்பதுதான் அது. அச்சுக்குப் போகுமுன் அதற்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும்.

இது ஏன் தேவை என்பதை அட்டவணையே சொல்லும். 2024இல் உலகம் எடுத்த மின்சாரம் 30,000 டெராவாட் மணிக்குச் சற்று மேல். நம் வீட்டு யூனிட் கணக்கில் 30 லட்சம் கோடி யூனிட். அதில் நிலக்கரியின் பங்கு சுமார் 34 சதவீதம், எரிவாயு 22, நீர் 14, அணு 9, காற்று 8, சூரியன் 7. அணுவையும் புதுப்பிக்கத்தக்கவற்றையும் சேர்த்தால் 40ஐத் தாண்டுகிறது. இதுவரை யாரும் தடுமாறுவதில்லை.

பக்கத்துப் பத்தியில் நிறுவுதிறன் இருக்கிறது, அதாவது முழுமூச்சாக ஓடும்போது நிலையம் கொடுக்கக்கூடிய உச்ச அளவு. அங்கேதான் பையன்கள் நிற்கிறார்கள். உலகம் முழுக்க அணுவுலைகளின் நிறுவுதிறன் சுமார் 375 கிகாவாட். சூரியத் தகடுகளுடையது 2024 முடிவில் 1,800 கிகாவாட்டுக்கும் மேல், அதாவது கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. ஆனால் அந்த ஆண்டில் அணுவுலைகள் கொடுத்தது 2,700 டெராவாட் மணிக்கு மேல். சூரியத் தகடுகள் கொடுத்தது 2,100 சொச்சம். ஐந்து மடங்கு பெரியது குறைவாகக் கொடுப்பது எப்படி? இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் மூன்றாவது பத்தி. ஒரு நிலையம் ஆண்டின் 8,760 மணி நேரமும் முழுமூச்சாக ஓடினால் எவ்வளவு கொடுத்திருக்கும், உண்மையில் எவ்வளவு கொடுத்தது, இரண்டுக்கும் உள்ள விகிதம். 1,000 மெகாவாட் உலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முழுக்க நிற்காமல் ஓடினால் 876 கோடி யூனிட். 700 கோடி யூனிட் கொடுத்திருந்தால் விகிதம் 80 சதவீதம். உலக அளவில் அணுவுக்கு இது 80க்கு மேல், காற்றுக்கு நான்கில் ஒரு பங்கு, சூரியனுக்கு ஏழில் ஒரு பங்கு. நிலக்கரிக்கு பாதியைச் சற்றே தாண்டுகிறது என்றால் பலர் நம்புவதில்லை.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். முதலில் வாயில் வருவது ‘திறன் காரணி’. அதை வைக்க வழியில்லை. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் பவர் ஃபேக்டருக்கு, அதாவது இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையில் வேலைக்குப் பயன்படுகிறது என்ற விகிதத்துக்கு, அந்தப் பெயர் போய்விட்டது. கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பாலிஷ் பட்டறை வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், அது குறைந்தால் பில்லில் அபராதம் ஏறும், கெப்பாசிட்டர் மாட்டச் சொல்வார்கள் என்று மளமளவென்று சொல்வார்கள். அது வேறு சமாச்சாரம், இது வேறு.

‘நிறுவுதிறன் பயன்பாட்டுக் காரணி’ என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். சூரிய மின்சாரக்காரர்கள் சி.யு.எஃப். (கெப்பாசிட்டி யூட்டிலைசேஷன் ஃபேக்டர்) என்கிறார்களே, அதை வரிக்கு வரி பெயர்த்தது. பொருள் சரிதான். ஆனால் அட்டவணைத் தலைப்பில் வைத்தால் மூன்று வரி மடங்குகிறது, மேடையில் சொன்னால் மூச்சு முட்டுகிறது. ‘காரணி’யும் எனக்கு ஒட்டவில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக் காரணி என்றால் 12ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண். பெரியவர்களுக்கு ஏதோ ஒன்றின் காரணம். இங்கே இரண்டும் இல்லை, வெறும் விகிதம்.

என் பரிந்துரை: ஈட்டுவீதம். நிறுவியதற்கு எதிரே ஈட்டியது எவ்வளவு.

வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள். “காற்றாலைகளின் ஈட்டுவீதம் ஆடியில் ஏறும், ஐப்பசியில் இறங்கும்.” “மழை பொய்த்த ஆண்டில் நீர்மின் நிலையத்தின் ஈட்டுவீதம் சரியும்.” “புதிய அனல்மின் நிலையத்தின் நிறுவுதிறனை மட்டும் சொல்லாதீர்கள், ஈட்டுவீதத்தையும் சொல்லுங்கள்.”

சொல்லுங்கள், எங்கே இடிக்கிறது?

கோவையிலிருந்து

ஐயா, வணக்கம். காரணி வேண்டாம் என்பது சரி. ஆனால் ‘ஈட்டு’ என்றதும் எனக்கு ஈட்டுத்தொகை, காப்பீட்டுத் தொகை என்றுதான் ஓடுகிறது. நஷ்டஈடு ஏதோ கணக்குப் போடுகிறார்களோ என்று தோன்றிவிடும். ‘உழைப்பு வீதம்’ எப்படி? மெஷின் எவ்வளவு நேரம் உழைத்தது என்று நேராகப் புரியும். எங்கள் ஊர் மில்களில் “இந்த வாரம் ஸ்பிண்டில் எவ்வளவு உழைச்சிருக்கு” என்பது சாதாரணப் பேச்சு.

யாழ்ப்பாணத்திலிருந்து

வணக்கம். எங்கள் பக்கத்துச் சங்கடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ‘திறன்’ எமக்கு ‘வலு’. பவர் ஃபேக்டர் எமக்கு வலுக்காரணி. எனவே ‘திறன் காரணி’ என்று எழுதினால் எமது மாணவர் வினைத்திறனைப் பற்றிய பேச்சு என்று எடுப்பர். வினைத்திறன் என்பது உங்கள் பாடநூலில் பயனுறுதிறன். ஒருவர் ‘கொள்ளளவுக் காரணி’ என்று முன்மொழிந்து பார்த்தார், அது கொள்ளளவத்துடன், அதாவது கெப்பாசிட்டன்ஸுடன் போய் மோதும். மின்தேக்கியைத்தான் நாங்கள் கொள்ளளவி என்கிறோம்.

ஆகவே திறனும் வலுவும் கொள்ளளவும் இல்லாத ஒரு சொல் இரு கரைக்கும் நல்லது. ‘ஈட்டுவீதம்’ எமக்கு உறுத்தவில்லை. நுரைச்சோலை அனல்மின் நிலையம் 900 மெகாவாட் என்று எல்லோருக்கும் தெரியும். அது பழுதாகி நின்ற நாள்களில் நாடே இருளில் இருந்ததும் தெரியும். இரண்டையும் ஒரே எண்ணில் சொல்ல ஒரு சொல் இருந்தால் பத்திரிகைக்காரருக்கு உதவி.

கிருஷ்ணகிரியிலிருந்து

எல்லோருக்கும் வணக்கம். நான் பள்ளியில் இயற்பியல் எடுப்பவள். கோவைத் தம்பியின் ‘உழைப்பு வீதம்’ வகுப்பில் என்ன செய்யும் என்று சொல்லிவிடுகிறேன்.

சூரியத் தகட்டுக்கு 15 என்று கரும்பலகையில் எழுதினேன். கடைசி பெஞ்சிலிருந்து “ஃபெயில் மிஸ்” என்று குரல். 35 வாங்கினால்தானே பாஸ்! அணுவுக்கு 80 என்றதும் “டிஸ்டிங்ஷன்”. இதில் ‘உழைப்பு’ என்றும் பெயர் வைத்தால் சூரியன் சோம்பேறி, அணு கெட்டிக்காரன் என்று முடிவே கட்டிவிடுவார்கள். ராத்திரியில் வெயில் இல்லாததற்குத் தகட்டைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

இன்னொரு குழப்பமும் உண்டு. இன்றைய தகடுகளின் பயனுறுதிறன் 20 சதவீதத்தைச் சுற்றி வரும். அதாவது மேலே விழும் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கு மின்சாரமாகிறது. நம் ஊரில் தகட்டின் கெப்பாசிட்டி ஃபேக்டரும் 15, 17 என்று பக்கத்திலேயே நிற்கிறது. இரண்டு எண்ணும் அக்கம்பக்கத்தில் இருப்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று ஆசிரியர்களே எழுதிவிடுகிறார்கள். சொல்லில் ‘திறன்’ இல்லாமல் இருப்பதற்கு என் ஓட்டு. ‘ஈட்டு’ பிடிக்கிறது, ஆனால் அதுவும் மார்க் மாதிரிதான் கேட்குமோ என்று ஒரு சந்தேகம்.

தருமபுரியிலிருந்து

கிருஷ்ணகிரி அம்மா நல்ல இடத்தில் கை வைத்தார்கள். இந்த எண் ஏன் குறைகிறது என்பதைப் பார்த்தால்தான் சொல்லுக்கு நியாயம் செய்ய முடியும். குறைவதற்குக் காரணம் நிலையத்துக்கு நிலையம் வேறு.

எங்கள் மாடியில் 3 கிலோவாட் போட்டிருக்கிறோம். வெயில் நன்றாக இருக்கும் நாளில் உச்சிப்பொழுதில் இன்வெர்ட்டர் திரை 2.4, 2.5 என்று காட்டும். ஒரு மேகம் கடந்தால் 0.7க்கு விழுந்து மறுபடி ஏறும். சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் 0.2. சேலம் சாலைப் புழுதி படிந்தால் எல்லாமே கொஞ்சம் இறங்கும், விடியற்காலையில் வாளித் தண்ணீரும் துணியுமாக ஏறித் துடைத்தால் திரும்ப வரும். நம் மாநிலத்தில் கிலோவாட்டுக்கு நாளுக்கு நான்கு யூனிட் என்பது பொதுக் கணக்கு. அப்படியானால் 12 யூனிட். மூன்று கிலோவாட்டும் 24 மணி நேரமும் ஓடினால் 72 ஆகியிருக்கும். ஆறில் ஒரு பங்கு. இங்கே குறைவுக்குக் காரணம் வானம்.

மேட்டூரில் காரணம் தண்ணீர். ஒகேனக்கல்லில் ஆறு புரண்டு ஓடும் வாரங்களில் அணை மின்நிலையம் நன்றாகச் சுற்றும். திறப்பு நின்றால் சக்கரமும் நிற்கும். உலகின் மிகப் பெரிய நிலையமான சீனத்தின் மூன்று பள்ளத்தாக்கு அணைக்கும் இதே கதைதான். நிறுவுதிறன் 22,500 மெகாவாட். நல்ல மழை பெய்த 2020இல் சுமார் 11,180 கோடி யூனிட் கொடுத்தது, அப்போது அது உலகச் சாதனை. கணக்குப் போட்டுப் பாருங்கள், சாதனை ஆண்டிலும் 57 சதவீதம்தான்.

அணு எப்போதுமே 80க்கு மேல் என்பதும் வேதவாக்கு இல்லை. பிரான்ஸ் தன் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கை அணுவில் எடுக்கும் நாடு. 2021 கடைசியில் குழாய்களில் அரிப்பு விரிசல் கண்டுபிடித்து, 2022இல் உலை உலையாக நிறுத்திச் சோதித்தார்கள். மொத்தம் 56 உலைகள், அந்த ஆண்டு விகிதம் பாதியை ஒட்டி விழுந்துவிட்டது.

நிலக்கரியின் கதைதான் வேடிக்கை. இந்திய அனல்மின் நிலையங்களுக்கு இதையே பி.எல்.எஃப். (பிளான்ட் லோடு ஃபேக்டர்) என்பார்கள். 2009-10இல் 77 சதவீதத்துக்கு மேல் இருந்தது, 2016-17இல் 60ஐ ஒட்டி வந்துவிட்டது. எந்திரம் கெட்டுப்போகவில்லை. புதிய நிலையங்கள் தேவையை முந்திக்கொண்டு வந்தன, அப்புறம் காற்றும் சூரியனும் இடம் பிடித்தன. நிலையம் தயாராக நிற்கிறது, எந்த நிலையம் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று சொல்லும் லோடு டெஸ்பாட்ச் சென்டரிலிருந்து “குறைத்துக்கொள்” என்று உத்தரவு வருகிறது, குறைக்கிறார்கள். துணைமின் நிலையத்தில் ஷிப்ட் பார்த்தவனுக்கு இது தெரியும், வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. ‘உழைப்பு வீதம்’ என்று வைத்தால், உழைக்கத் தயாராக இருப்பவனை உட்காரச் சொல்லிவிட்டு உழைக்கவில்லை என்று எழுதியதாகிவிடும். கோவைத் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம், மில்லுக்கு அந்தச் சொல் அருமை.

‘ஈட்டு’ இந்த நான்கு நிலைமைக்கும் பொது. கையில் வந்தது எவ்வளவு என்று மட்டும் சொல்கிறது. ஏன் வரவில்லை என்பதில் வாய் திறப்பதில்லை. மார்க் மாதிரி கேட்காமல் இருக்க, அட்டவணைக்குக் கீழேயே ‘இது தரவரிசை அல்ல’ என்று ஒரு வரி போட்டுவிடலாம். நஷ்டஈடு நினைவு வருகிறது என்ற ஆட்சேபத்துக்குப் பதில்: அரசு ஊழியர் வீட்டில் யாரைக் கேட்டாலும் ஈட்டிய விடுப்பு தெரியும். அங்கே யாரும் காப்பீட்டை நினைப்பதில்லை.

மதுரையிலிருந்து

இலக்கணத்துக்கு ஒரு வார்த்தை. ‘ஈட்டு’ என்பதை ஈடு என்ற பெயரிலிருந்து வந்ததாக எடுத்தால்தான் நஷ்டஈட்டு வாடை. ஈட்டுதல் என்ற வினையின் பகுதியாக எடுத்தால் ஈட்டிய, ஈட்டுகின்ற, ஈட்டும் வீதம்: வினைத்தொகை. ‘நிறுவுதிறன்’ என்பதும் அதே அமைப்புதானே, நிறுவிய திறன், நிறுவும் திறன். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி அமைந்துவிட்டன. வினைத்தொகையாதலால் இடம் விடாமல் சேர்த்தே எழுதுங்கள், நடுவில் ஒற்றும் மிகாது. பிரித்து எழுதினால் கோவைக்காரர் பயம் நியாயமாகிவிடும்.

பாட நூல்களில் ‘பயன்பாட்டுக் காரணி’ ஏறியிருந்தால் அதையும் சொல்லடைவில் ஓரமாகக் காட்டிவிடுவது நல்லது. தேடுகிறவன் எதைக் கொண்டு தேடுவான் என்று நமக்குத் தெரியாது.

கோவையிலிருந்து

கோபம் ஒன்றும் இல்லைங்க ஐயா. பி.எல்.எஃப். உதாரணம் பார்த்ததும் உழைப்பைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். சேர்த்து எழுதினால் ஈட்டுவீதத்துக்குச் சம்மதம். ஒரே கேள்வி: மாதத்துக்கு, நாளுக்கு என்று கணக்கிட்டாலும் இதே சொல்தானா?

தருமபுரியிலிருந்து

இதே சொல்தான் தம்பி. ‘ஆடி மாத ஈட்டுவீதம்’, ‘ஆண்டு ஈட்டுவீதம்’ என்று முன்னால் காலத்தைப் போட்டால் போதும். காலம் போடாமல் விட்டால் ஆண்டு என்று கொள்வோம்.

நூலில் இப்படிப் போகிறது: “ஈட்டுவீதம்: ஒரு மின்நிலையம் ஓராண்டில் உண்மையில் கொடுத்த மின்சாரம், அதே நிலையம் 8,760 மணி நேரமும் முழு நிறுவுதிறனில் ஓடியிருந்தால் கொடுத்திருக்கக்கூடியதில் எத்தனை சதவீதம் என்பது. பயனுறுதிறன் வேறு, திறன் காரணி வேறு.” யாழ்ப்பாணத்து ஐயா சொன்ன வினைத்திறன், வலுக்காரணி இரண்டையும் சொல்லடைவில் சேர்த்திருக்கிறேன். மதுரை ஐயா சொன்ன பழைய சொல்லும் அங்கேயே இருக்கும்.

அடுத்த வேலை ஒன்று காத்திருக்கிறது. காற்று நன்றாக அடிக்கும்போதே காற்றாலையை நிறுத்தச் சொல்கிறார்களே, நம் ஆட்கள் ‘பேக் டவுன்’ என்பது. ஈட்டுவீதம் பற்றிய பத்தியில் இரண்டு இடத்தில் வருகிறது. ‘உற்பத்திக் குறைப்பு’ என்று எழுதிப் பார்த்தேன். அது நிலையம் தானாகக் குறைத்துக்கொண்டது போல இருக்கிறது, மேலிடத்து உத்தரவு அதில் தெரியவில்லை. யாரிடமாவது சொல் இருந்தால் தனி மடலாகவே போடுங்கள், இதோடு கலக்க வேண்டாம்.