அந்த பின்பால் மிஷின் தானா டில்ட் ஆகியிருக்குமா?

லோயர்பஜார்:

குன்னூர் மார்க்கெட்டுக்கு மேல ஒரு லாட்ஜ். பேர் வேண்டாம், ஓனர் குடும்பம் இன்னும் ஊர்லதான் இருக்கு. மரப்படி ஏறினா பார், கை கழுவுற தொட்டிக்குப் பக்கத்துல பின்பால் மிஷின். சாய்வான பலகையில உருண்டு வர்ற பந்தைப் பட்டன் அழுத்தி மேல அடிக்கணும், கீழ நடுவுல இறங்கினா பந்து போச்சு. மிஷினை ரொம்ப ஆட்டினா டில்ட், அந்தப் பந்து அவ்வளவுதான். 1996 ஜூலை. நாலு நாளா மழை விடல, மேட்டுப்பாளையம் ரோட்டுல மண்ணு சரிஞ்சு பஸ் இல்ல. அதனாலதான் அன்னைக்கு அவ்வளவு கூட்டம்.

சனிக்கிழமை தவறாம ஒருத்தர் வருவார். எஸ்டேட் ஃபேக்டரியில டீ மேக்கர். எல்லாருக்கும் அவர் மேக்கரண்ணன்தான், நெஜப் பேரு எனக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. ஒரு குவார்ட்டர், ஒரு அவிச்ச முட்டை, ஒரு டோக்கன். நாங்க டோக்கன் போட்டா மூணு நிமிஷத்துல அஞ்சு பந்தும் போயிடும். அவருக்கு அரை மணி நேரம் ஓடும். சாமி இறங்கறதுக்கு முன்னாடி உடம்புல லேசா ஒரு ஆட்டம் வரும் பாருங்க, இடுப்புல அவ்வளவுதான் இருக்கும். கை அசையாது.

அன்னைக்கு ஸ்கோர் உருளை முழுசா ஒரு சுத்து முடிஞ்சு திரும்ப சைபர்ல இருந்து ஓட ஆரம்பிச்சிருச்சு. அப்படி நாங்க யாரும் பாத்ததில்ல. டம்ளரோட எல்லாரும் எழுந்து வந்துட்டாங்க. அஞ்சாவது பந்து. வலது கையைத் தூக்கி (பட்டனை அழுத்தினா பந்தை அடிக்கிற துடுப்புக்குப் பேர் ஃப்ளிப்பர், அதை நாங்க கைனுதான் சொல்வோம்) அதுல பந்தை நிறுத்தி வச்சுட்டு என்னைத் திரும்பிப் பாத்தார். "தம்பி, பட்டனை அழுத்திப் புடிச்சுக்க. ஒண்ணுக்குப் போயிட்டு வந்துர்றேன்."

புடிச்சுக்கிட்டு நின்னா போதும். வேற வேலையே இல்ல.

எனக்கு அப்ப பத்தொம்பது வயசு, பார் மொத்தமும் என் விரலையே பாக்குது. ஒரே ஒரு அடி அடிச்சுட்டுத் திரும்ப நிறுத்திரலாம்னு தோணுச்சு. விட்டு அடிச்சேன். மேல போய் பம்பர்ல நாலு தடவை முட்டிட்டு, நேரா நடுவுல இறங்குச்சு. பக்கப் பலகையில ஓங்கித் தட்டினேன்.

மேக்கரண்ணன் மப்ளர்ல கையைத் துடைச்சுக்கிட்டு வர்றப்ப மிஷின் கண்ணாடியில டில்ட்னு சிவப்பா எரிஞ்சுட்டு இருந்துச்சு, மத்த விளக்கு எல்லாம் அணைஞ்சாச்சு. பந்து மட்டும் அவசரமே இல்லாம, செத்துப்போன ரெண்டு கைக்கும் நடுவுல உருண்டு போகுது. "தட்டினியா தம்பி, இல்ல தானா ஆச்சா?" "தானாண்ணே." ஒருத்தன்கூட வாய் திறக்கல. முட்டையில பாதியைப் பிச்சு என்கிட்ட கொடுத்துட்டு, மீதியைத் தின்னுட்டுப் போயிட்டார்.

அடுத்த சனிக்கிழமை வரல. அப்புறம் எப்பவுமே வரல.

எனக்கு இப்ப நாப்பத்தெட்டு. கேக்க வந்தது இதுதான்: யாரும் தட்டாம மிஷின் தானா டில்ட் ஆகுமா?


ஏழுரோடு:

பந்தை நிறுத்தி வைக்கலாம்னே எனக்கு 2004 வரைக்கும் தெரியாது. கொடைக்கானல், ஒரு ஹோட்டல் பார். வட்டக்கானல்ல தங்கியிருந்த இஸ்ரேல்காரங்க சாயங்காலமானா வருவாங்க. நான் ரெண்டு பட்டனையும் மாத்தி மாத்தித் தட்டிக்கிட்டே இருப்பேன், வடை மாவு தட்டுற மாதிரி. ஒரு பொண்ணு பக்கத்துல வந்து நின்னா. பாஷை கிடையாது. என் இடது கை விரல் மேல அவ விரலை வச்சு அழுத்தினா. எடுக்கவே இல்ல. பந்து ஓடி வந்து, தூக்கியிருந்த கை மேல ஏறி, ரெண்டு தடவை ஆடி, நின்னுருச்சு.

அது வரைக்கும் நான் கேக்காத சத்தமெல்லாம் அப்பதான் கேட்டுச்சு. மிஷினுக்குள்ள டிரான்ஸ்பார்மர் முனகுறது, தகரக் கூரையில மூடுபனி சொட்டுறது. பந்து நிக்கும்போது யோசிக்க நேரம் இருக்குங்கறது எனக்குப் புதுசு. மறுநாள் தனியாப் போய் கையில இருந்த டோக்கன் எல்லாத்தையும் விட்டேன், ஒரு தடவைகூட நிக்கல.

பொய் சொன்னதை விடுங்க பாஸ். நிறுத்தி வச்சுக் கொடுத்த பந்தை எதுக்கு விட்டீங்க? அதைத்தான் என்னால தாங்க முடியல.


கிளப்ரோடு:

மன்னிக்கணும், எனக்கு நம்பிக்கை இல்ல. முப்பது வருஷமா ஊட்டியில இருக்கேன், எந்த பார்லயும் பின்பால் பாத்ததில்ல. போட் ஹவுஸ் பக்கம் இருந்த வீடியோ கேம் பெட்டியைப் பாத்துட்டு வயசானதும் குழப்பிக்கறீங்க. நீலகிரின்னா ஸ்னூக்கர். 1875-ல ஜபல்பூர்ல நெவில் சேம்பர்லின்னு ஒரு ராணுவ அதிகாரி ஆரம்பிச்சது. விதிகளை ஒழுங்கா எழுதி மாட்டினது 1882-ல ஊட்டி கிளப் பில்லியர்ட்ஸ் அறையிலதான். (அப்புறமா பிரிட்டிஷ் பிரதமர் ஆன சேம்பர்லின் இவர் இல்ல, அவர் வேற.) அந்த மேஜையை வெளியில இருந்து ஒரு தடவை எட்டிப் பாத்திருக்கேன். உள்ள விடமாட்டாங்க. அந்தப் பச்சைத் துணி இன்னும் கண்ணுல நிக்குது.


லோயர்பஜார்:

கேட்டது ஸ்னூக்கர் இல்லைங்க.


மாடிவீடு:

கிளப்ரோடு சார், நீங்க பாக்கலன்னா இல்லன்னு ஆயிடுமா? எங்க வீட்டுக்குக் கீழயே இருந்துச்சு. கோத்தகிரி. கீழ அப்பாவோட பார், மேல வீடு. பொம்பளப் பிள்ளைங்க அந்தப் படிக்கட்டுல கால் வைக்கக் கூடாது.

ராத்திரி படுத்திருக்கும்போது தரைக்குக் கீழ இருந்து திடீர்னு ஒரு அடி கேக்கும். "டக்!" ஒரே ஒரு அடி. சுத்தியலால பலகையில அடிச்ச மாதிரி. சில நாள் ஒண்ணு, சில நாள் மூணு, பல நாள் எதுவுமே இருக்காது. யாரோ கீழ யாரையோ அடிக்கறாங்கன்னுதான் ஒம்பது வயசு வரைக்கும் நினைச்சுட்டு இருந்தேன். அம்மாகிட்ட கேட்டா "தூங்கு"ம்பாங்க.

காந்தி ஜெயந்திக்குக் கடை லீவு. ஒரு அக்டோபர் 2 அன்னைக்கு அப்பா என்னை முதல் தடவையா கீழ கூட்டிட்டுப் போனார். நாற்காலியெல்லாம் கவுத்து வச்சிருந்துச்சு, ஃபினாயில் வாசம். பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு என்னை ஏத்தி விட்டார். எனக்கு எட்டல, அப்பா ஒரு பட்டன், நான் ஒரு பட்டன். அப்படியே ஆடிட்டு இருக்கும்போது மிஷின் வயித்துக்குள்ள இருந்து "டக்!" நான் அலறி அழுதுட்டேன். அப்பா விழுந்து விழுந்து சிரிச்சார். ஃப்ரீ கேம் ஜெயிச்சா அது போடற சத்தமாம். இத்தனை வருஷமா நான் ராத்திரி பயந்தது யாரோ ஜெயிச்ச சத்தத்துக்கு.

பழைய இரும்புக்காரர்கிட்ட கிலோ கணக்குல போட்டுட்டாங்க. நான் காலேஜ் ஹாஸ்டல்ல இருந்தேன், யாரும் ஒரு வார்த்தை சொல்லல.


லோயர்பஜார்:

மாடிவீடு, உங்க மிஷின் கண்ணாடியில மோட்டார் சைக்கிள் மேல ஒரு பொண்ணு இருக்குமா? குன்னூர்ல இருந்தது கோத்தகிரிக்குப் போச்சுன்னு ஒரு பேச்சு இருந்துச்சு.


மாடிவீடு:

இல்லங்க. எங்களுது சீட்டுக்கட்டு படம். வேற மிஷின்.


பழையஃபியூஸ்:

முதல்ல என் அனுபவம். 2005-ல ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் ஒரு பார்ல மிஷின் ஓடலன்னு கூப்பிட்டாங்க. மூடியைத் தூக்கினா உள்ள எலிக்கூடு. முழுக்க லாட்டரி சீட்டு. தமிழ்நாட்டுல லாட்டரியைத் தடை பண்ணி ரெண்டு வருஷம் ஆகியிருந்துச்சு. பொடிப்பொடியாக் கிழிச்சு, பஞ்சு மாதிரி பண்ணி, நடுவுல கண்ணு திறக்காத நாலு குட்டி. வேலையை நிறுத்திட்டு மூடியை இறக்கிட்டேன். அவ்வளவுதான்.

இப்ப கேள்விக்கு வர்றேன். தானா ஆகும். கண்டிப்பா ஆகும். பெட்டிக்குள்ள ஒரு கம்பியில கூம்பு மாதிரி குண்டு தொங்கும், அந்தக் கம்பியைச் சுத்தி ஒரு வளையம். பெட்டி ஆடினா கம்பி வளையத்துல படும், கரண்ட் பாயும், டில்ட். கொத்தனார் தூக்குக்குண்டு மாதிரிதான். குண்டை மேல தள்ளினா இடைவெளி குறையும், தும்மினாக்கூட டில்ட் ஆகும். கீழ இறக்கினா உதைச்சாலும் ஆகாது. மலையில பழைய கட்டடமெல்லாம் பலகைத் தரை. பத்துப் பேர் அது மேல நின்னு காலை மாத்தினாலே மிஷின் ஆடும். முன்பக்கத்தைத் தூக்கி ஏமாத்தறவங்களுக்காக உள்ள சரிவான பாதையில தனியா ஒரு குட்டிக் குண்டும் இருக்கும், அது உருண்டு போய் முட்டினாலும் டில்ட்தான். ஈரத்துல பாதை துருப்பிடிச்சா அது என்ன பண்ணும்னு சொல்ல முடியாது.

வீட்டுல யாராவது இந்த மாதிரி மிஷின் வச்சிருந்தா கேட்டுக்கங்க. ஒண்ணு, அமெரிக்க மிஷின் 110 வோல்ட் ஊரைச் சேர்ந்தது. நம்ம 230-க்கு உள்ள டிரான்ஸ்பார்மர் இணைப்பை மாத்தியிருக்காங்களான்னு பாக்காம பிளக்கைச் சொருகாதீங்க. மலையில சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும், கை சோம்பலா அடிக்கும், பந்து பாதி வழியில திரும்பும். உடனே காயில் (கையை இழுக்கற கம்பிச்சுருள்) போச்சுன்னு மாத்தாதீங்க. ரெண்டு, கைக்குள்ள காயில்ல ரெண்டு சுத்து இருக்கும், அடிக்க ஒண்ணு, புடிச்சு நிறுத்த ஒண்ணு. கை முழுசாத் தூக்கினதும் ஒரு சுவிட்ச் விலகி அடிக்கிற சுத்தை வெட்டணும். அது விலகலன்னா காயில் கருகும். கருகின வாசம் வந்தா உடனே ஆஃப் பண்ணுங்க. மூணு, ஜூன் ஜூலை ஈரத்துல காண்டாக்ட் எல்லாம் பூத்துப்போகும். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுராதீங்க! கரண்ட் அதிகமாப் போற டங்ஸ்டன் முனைக்கு மெல்லிய அரம். தங்கமுலாம் பூசினதுக்கு விசிட்டிங் கார்டை நடுவுல விட்டு இழுத்தாலே போதும். துருவுக்கு அடிக்கிற ஸ்பிரேயை எது மேலயும் அடிக்கக் கூடாது, அது தூசியைச் சேத்துக் களிம்பாக்கிரும், தீயும் புடிக்கும். நாலு, பந்து. 27 மில்லி மீட்டர், 80 கிராம் எஃகு. சைக்கிள் கடை பால்ரஸ் போட்டு ஓட்டறேன்னு நினைக்காதீங்க. புள்ளி விழுந்த பந்து பலகையோட பெயிண்டைச் சுரண்டிரும். அஞ்சு, சரிவு. இந்தக் கால மிஷினுக்கு ஆறரை டிகிரி. மணிச்சத்தம் வர்ற பழசுக்கு அவ்வளவு வேண்டாம். நம்ம ஊர்ல தரையே சரிவுங்கறதால காலைத் தரையைப் பாத்துத் திருகாதீங்க, பந்து உருளுற பலகை மேல மட்டத்தை வச்சுப் பாத்துத் திருகுங்க. ஆறு, கண்ணாடிப் படத்தோட பெயிண்ட் ஈரத்துல செதில் செதிலா உதிரும். துணியால துடைக்கவே துடைக்காதீங்க.

வேற சந்தேகம் இருந்தா கேளுங்க.


ஏழுரோடு:

இங்க யாருகிட்டயும் மிஷின் இல்லண்ணே.


கூடலூர்மழை:

மேக்கரண்ணன் திறமைசாலின்னு எல்லாரும் பேசறீங்க, சரி. ஆனா இந்த விளையாட்டோட தாத்தா சூதாட்டம்தான், அதையும் சொல்லணும். எங்க பக்கம் கோயில் திருவிழாவுல ஆணிப்பலகை வைப்பாங்க. சாய்ச்சு வச்ச பலகை, ஸ்பிரிங் கம்பி, ஒரு கோலிக்குண்டு. எந்தக் குழியில விழுதோ அந்த நம்பர். ஒரு ரூபா வச்சா ரெண்டு ரூபா. எங்கப்பா சிலோன்ல இருந்து திரும்பி வந்து தேயிலைத் தோட்டத்துல வேலை பாத்தவர். போனஸ் வாங்கின அன்னைக்கு அதுல விட்டுட்டு வந்து அம்மாகிட்ட வாங்கினது எனக்கு ஞாபகம் இருக்கு.

ஒரு வருஷம் நான் கம்பியை இழுத்துட்டு இருக்கேன், யாரோ "போலீஸ்!"னு கத்தினாங்க. கடைக்காரர் பலகையைத் தலைகீழாக் கவுத்து, அது மேல கடலை மூட்டையைத் தூக்கி வச்சு, கடலை வியாபாரி ஆயிட்டார். அஞ்சு செகண்டுகூட ஆகல. குண்டு மட்டும் என் காலடியில கிடந்துச்சு. கால் விரலால அழுத்திக்கிட்டு நின்னேன். இன்னும் வீட்டுல இருக்கு. பச்சைக் குண்டு, உள்ள ஒரு குமிழி.

அமெரிக்காவுலயும் இதே கதைதான். நியூயார்க்ல 1942-ல சூதுன்னு தடை பண்ணி, மேயர் லா கார்டியா சுத்தியல் எடுத்து மிஷினை உடைச்சார். கை வச்ச மிஷின் வந்ததே 1947-லதான். அதுக்கு முன்னாடி குண்டை விட்டுட்டு சாமி கும்பிடறதுதான் ஆட்டம். 1976-ல ரோஜர் ஷார்ப்னு ஒருத்தர் அதிகாரிங்க முன்னாடி நின்னு, "இப்ப இந்த வழியாப் போகும்"னு சொல்லி இழுத்து விட்டார். சொன்னபடி போச்சு, தடை போச்சு. அவரே பின்னாடி, அந்த ஒரு இழுப்புல அதிர்ஷ்டமும் இருந்துச்சுன்னு ஒத்துக்கிட்டார். அதனால லோயர்பஜார் அண்ணா, நீங்க ரொம்ப மனசுல வச்சுக்க வேண்டாம். அந்தப் பந்து எப்படியும் நடுவுலதான் போயிருக்கும்.


கிளப்ரோடு:

ஆணிப்பலகை நானும் பாத்திருக்கேன். அதை ஒத்துக்கறேன். பின்பாலை இன்னும் ஒத்துக்கல. இப்ப இருக்கற டாஸ்மாக் பார்ல போய்த் தேடிப் பாருங்க, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தா பத்து ரூபா கிடைக்கும். வேற ஒண்ணும் கிடைக்காது.


லோயர்பஜார்:

பழையஃபியூஸ் அண்ணே, ரொம்ப நன்றி. நீங்க எழுதினதுல தரையைப் பத்தின வரியை மட்டும் பத்துத் தடவை படிச்சேன். பலகைத் தரைதான். அத்தனை பேரும் அது மேலதான் நின்னாங்க. பந்து இறங்கறப்ப எல்லாரும் ஒரே நேரத்துல முன்னாடி சாஞ்சாங்க, அதுவும் நெஜம்தான்.

ஆனா நான் தட்டினதும் நெஜம். எது முதல்லன்னு தெரியல. உள்ளங்கை செவந்து போயிருந்துச்சு, மறைக்கத் தோணல. அவர் முகத்தை நான் பாக்கல, அவர் என் கையைப் பாத்தாரான்னு இத்தனை வருஷமா யோசிச்சுட்டு இருக்கேன்.


பழையஃபியூஸ்:

எந்தக் கை? ஏன் கேக்கறேன்னா, குண்டு பெரும்பாலும் இடது பக்கம்தான் தொங்கும், காசு போடற கதவுக்கு உள்பக்கம். வலது பக்கம் தட்டியிருந்தா தரைதான் காரணம்னு சொல்ல கொஞ்சம் இடம் இருக்கு.


லோயர்பஜார்:

வலது கைண்ணே. முட்டையை வாங்கினதும் அந்தக் கையிலதான்.