தங்கம் வாங்கினால் ஜிடிபி குறையுமா?

கணக்குப்பிள்ளை:
பக்கத்துத் திரியில் ஒருவர், இந்தியா ஓராண்டுக்குத் தங்க இறக்குமதியை நிறுத்தினால் அந்தத் தொகை முழுவதும் ஜிடிபியில் (நாட்டுக்குள் உற்பத்தியாகும் பொருள்கள், சேவைகளின் மொத்த மதிப்பில்) கூடிவிடும் என்று அடித்துச் சொல்ல, பலர் தலையாட்டியிருக்கிறார்கள். செலவு வழிச் சூத்திரத்தில் நுகர்வு, அரசுச் செலவு, முதலீடு, ஏற்றுமதி ஆகியவற்றைக் கூட்டி, இறக்குமதியைக் கழிக்கிறோம். அவற்றுக்குள் வெளிநாட்டுச் சரக்கும் ஏற்கெனவே கலந்திருப்பதால்தான் அந்தக் கழித்தல். தேசியப் புள்ளியியல் அலுவலகம் தங்கத்தை 'மதிப்புமிகு பொருள்கள்' என்னும் தனி வரிசையில் கூட்டி, இறக்குமதி வரிசையில் கழிக்கிறது. மிச்சம் பூஜ்யம்.

தராசு:
அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லக் கூசுகிறதோ? வரையறைகள் பாடநூலிலேயே இருக்கட்டும். சூத்திரத்தில் இறக்குமதிக்கு முன்னால் நிற்பது கழித்தல் குறி. கழித்தால் குறையும் என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

கணக்குப்பிள்ளை:
ஒன்றாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டால் அப்படித்தான் தெரியும். உற்பத்தி வழிக் கணக்கைப் பாருங்கள்: ஒவ்வொரு துறையின் மொத்த மதிப்புக் கூட்டலோடு (உற்பத்தி மதிப்பில் வாங்கிய இடுபொருள்களின் விலை போக மிஞ்சுவதோடு) சுங்கம் போன்ற பொருள் வரிகளைக் கூட்டி, மானியங்களைக் கழிக்கிறார்கள். நீங்கள் கட்டிப்பிடித்திருக்கும் இறக்குமதி வரிசையே அங்கே கிடையாது.

நெல்லையான்:
இருவரும் சற்று நில்லுங்கள். 2024 நவம்பரில் தங்க இறக்குமதி சுமார் 1,480 கோடி டாலர் என்று முதலில் அறிவித்து, பிறகு ஏறத்தாழ 980 கோடியாகத் திருத்தினார்கள். மூலத் தரவே 500 கோடி டாலர் ஆட்டம் ஆடும்போது, கணக்குப்பிள்ளையின் பூஜ்யம் எந்தப் பூஜ்யம்? செலவு, உற்பத்தி என்ற இரு வழிகளுக்கும் ஒத்துவராததை எல்லாம் 'முரண்பாடுகள்' என்ற வரிசையில் தள்ளிவிடும் கணக்கு இது.

கணக்குப்பிள்ளை:
முரண்பாடுகள் வரிசையை ஒளித்து வைக்கவில்லை, வெளிப்படையாக அச்சிடுகிறார்கள். 2023-24 முதல் காலாண்டின் 7.8 சதவீத வளர்ச்சியை பொருளியலாளர் அசோகா மோடி அந்த வரிசையைக் காட்டித்தான் கேள்வி கேட்டார், நிதி அமைச்சகமும் பதில் சொன்னது. ஆனால் இறக்குமதி ஜிடிபியைத் தின்கிறது என்று அவர்கூடச் சொல்லவில்லை.

தராசு:
பெரிய பெயர்களைச் சொல்லி மிரட்டுவது உங்கள் வழக்கம். அப்படியானால் 2013-இல் அரசு தங்கத்தின் சுங்க வரியை 10 சதவீதமாக உயர்த்தியது எதற்காம்? கழித்தல் குறிக்குப் பயந்துதானே!

கணக்குப்பிள்ளை:
2012-13-இல் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை (வெளிநாடுகளிலிருந்து வரும் பணத்தைவிட அங்கே போகும் பணம் மிஞ்சும் தொகை) ஜிடிபியில் 4.8 சதவீதத்தைத் தொட்டது, ரூபாய் சரிந்தது. டாலர் வெளியேறுவதைத் தடுக்கவே அந்த வரி உயர்ந்தது. வீட்டில் காசு போனதும் வருமானம் குறைந்ததும் ஒன்றல்ல. பழைய வீட்டின் விற்பனை விலையை அப்படியே ஜிடிபியில் சேர்த்து, தரகுத் தொகை மட்டும்தான் சேரும் என்று எல்லோரும் சொல்லியும் விடாமல் சண்டையிட்டவர் நீங்கள் என்பதை இந்தக் குழு மறக்கவில்லை.

தராசு:
அதை இங்கே இழுப்பதிலேயே உங்கள் வாதத்தின் வறட்சி தெரிகிறது. அது கழித்தல் குறியா, இல்லையா?

நெல்லையான்:
என் 500 கோடிக்குப் பதில் வரவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
திருத்தினால் கூட்டும் வரிசையும் கழிக்கும் வரிசையும் சேர்ந்தே திருத்தப்பட வேண்டும், அவ்வளவுதான். தராசு அவர்களே, 2024 ஜூலையில் 15-லிருந்து 6 சதவீதமாகக் குறைத்த பிறகும் தங்கத்தின் சுங்க வரி பொருள் வரியாக ஜிடிபியில் கூடத்தான் செய்கிறது. இதற்கும் கழித்தல் குறி என்றே பதில் வருமானால், அந்தப் பழைய வீட்டுத் திரியின் இணைப்பை இங்கேயே ஒட்டுவேன்.