பத்துப் பேர் தைத்த ஒரே போர்வை: கணக்கு எங்கே இடிக்கிறது?

புதுச்சேரி, கடலூர் பக்கத்து ஊர்களில் போர்வை தைப்பவர்கள் ஊருக்கொருவராகச் சொன்ன குறிப்புகள்.

லாஸ்பேட்டை
குழுவாகச் சேர்ந்து ஒட்டுத்துணிப் போர்வை தைப்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது ஒன்று. போர்வை கெடுவது தையல் தெரியாததால் அல்ல, தையலுக்கு விடும் துணியில் ஆளுக்கொரு கால் இஞ்ச் இருப்பதால்தான். வழக்கமான அளவு 60 × 72 இஞ்ச். அதாவது 12 இஞ்ச் கட்டம் 30, பத்துப் பேர் என்றால் ஆளுக்கு மூன்று. தைத்து முடித்த கட்டம் நான்கு பக்கமும் தையலுக்கு விட்ட துணியோடு 12½ இஞ்ச் இருக்க வேண்டும். வந்து சேரும்போது ஒன்று 12¼, இன்னொன்று 12¾. பன்னிரண்டு துண்டு உள்ள ஒரு வரிசையில் பதினொரு தையல் வரும். தையலுக்கு விடும் துணி ஒரு பக்கத்துக்கு 1 மில்லிமீட்டர் கூடினால், ஒரு தையலுக்கு 2, வரிசைக்கு 22 மில்லிமீட்டர் குறைகிறது. இழுத்துப் பிடித்துத் தைத்தால் நடுவில் குமிழ் விழும். இஸ்திரி போட்டாலும் போகாது.

துணியைக் கொடுக்கும் முன் எல்லோருக்கும் ஒரே சோதனை வையுங்கள். ஒன்றரை இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டையை வரிசையாக இணைக்கச் சொல்லுங்கள். நடுப்பட்டை சரியாக 1 இஞ்ச், மொத்த அகலம் 3½ இஞ்ச் வர வேண்டும். வராவிட்டால் ஊசியிலிருந்து கால் இஞ்சுக்கு ஒரு நூல் குறைவாக இயந்திரத் தட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதை ஒட்டியே துணியை ஓட்ட வேண்டும். தையலை ஒரு பக்கம் மடிக்கும்போது மடிப்பே கொஞ்சம் துணியைத் தின்றுவிடும். அந்த ஒரு நூல் குறைவு அதற்காகத்தான்.

திருப்பாதிரிப்புலியூர்
லாஸ்பேட்டை அக்கா சொன்ன சோதனையோடு, வெட்டுவதை ஒரே ஆளிடம் விடுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டங்களின் பின்னணித் துணியை ஒரே தானிலிருந்து (துணிச் சுருளிலிருந்து) ஒருவரே வாங்க வேண்டும். அடுத்த மாதம் அதே கடையில் அதே வெள்ளை கேட்டால் வேறு வெள்ளைதான் கிடைக்கும்.

துணிக்கு நம் பக்கத்தில் குறையே இல்லை. புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஏற்றுமதி மிச்சத் துணி மலிவு. ஆனால் பருத்தியா பாலியஸ்டர் கலந்ததா என்று ஒரு நூலைப் பிரித்து எரித்துப் பாருங்கள்: காகிதம் எரிந்த வாசனையோடு மெல்லிய சாம்பல் உதிர்ந்தால் பருத்தி, உருகி மணியாக உறைந்தால் கலப்பு. குறிஞ்சிப்பாடிக் கைலித் துணி கட்டம் கட்டமாக இருப்பதால் கோடு போடாமலே நேராக வெட்டலாம். சாயமிட்ட நூலில் நெய்தது, இரண்டு பக்கமும் ஒரே நிறம். புதிதாக இருந்தால் கஞ்சி போகும்வரை அலசி, காயவைத்து, பிறகே அளக்க வேண்டும். பருத்தி முதல் சலவையில் 3 முதல் 5 சதவீதம்வரை சுருங்கும். அலசாத துண்டும் அலசிய துண்டும் ஒரே கட்டத்தில் கலந்தால் பிறகு எந்த வித்தையும் செல்லாது.

சிவப்பு, கருநீலம், கறுப்பு மூன்றையும் நம்பாதீர்கள். நனைத்த வெள்ளைத் துணியை மேலே வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். கறை ஏறினால் வெந்நீர், சோப்பு போட்டுத் தண்ணீர் தெளியும்வரை அலசி, மறுபடி சோதியுங்கள். அப்போதும் ஏறினால் அந்தத் துணி போர்வைக்கு ஆகாது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பது நம் பாட்டிமார் காலத்து நம்பிக்கை, அவ்வளவுதான்.

பழைய சேலையில் இடுப்பில் சொருகும் இடமும் கால் பக்க ஓரமும் முதலில் நைந்துபோகும். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நூல் இடைவெளி தெரிந்துவிடும்.

வில்லியனூர்
அடித்துணிக் கணக்கு மட்டும். மேல்துணியைவிட நான்கு பக்கமும் 4 இஞ்ச் கூட, ஆக 68 × 80. கடைத் துணி 44 இஞ்ச் அகலம். நீளவாக்கில் இரண்டு துண்டு போட்டால் 160 இஞ்ச், நாலு மீட்டருக்கு மேல். குறுக்குவாக்கில் போட்டால் 136 இஞ்ச்தான். சுருக்கத்துக்கும் சேர்த்து 3¾ மீட்டர் போதும். ஓரப்பட்டிக்கு 2½ இஞ்ச் அகலத்தில் ஏழு பட்டை, அரை மீட்டர்.

மஞ்சக்குப்பம்
மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில் என்ன வைப்பது என்பதில்தான் குழுக்களில் சண்டை வரும். ஃபைபர் ஷீட் (பாலியஸ்டர் பஞ்சு விரிப்பு) உப்பலாகத் தெரியும், ஆனால் நம்ம ஊர் புழுக்கத்தில் யாரும் போர்த்த மாட்டார்கள். பழைய வேட்டி இரண்டு அடுக்கு போதும். எட்டு முழ வேட்டியின் அகலம் 50 இஞ்ச் அளவுதான் என்பதால் இணைத்தே ஆக வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று ஏற்றாதீர்கள், வரப்பு போலத் தடிக்கும். இரண்டு ஓரத்தையும் முட்டினாற்போல் வைத்துத் தளர்வாகக் கைத்தையல் போடுங்கள்.

மிதி இயந்திரத்தில் மூன்று அடுக்கையும் ஓட்டும்போது மேல்துணி முன்னால் தள்ளிப்போகும். தட்டில் இருக்கும் பல் கீழ்த்துணியை மட்டும் இழுக்கிறது, மேலிருந்து அழுத்தும் பூட் மேல்துணியைப் பிடித்துவைக்கிறது, காரணம் அதுதான். பூட் அழுத்தத்தைத் தளர்த்தி, தையல் நீளத்தை 3 மில்லிமீட்டருக்குக் கூட்டி, 14 நம்பர் ஊசி போடுங்கள். எப்போதும் நடுவிலிருந்து ஓரத்துக்கு.

கையால் தைப்பதானால் ஆறடிச் சவுக்குக் கழி இரண்டு போதும். இரண்டு முனையையும் கழியில் சுற்றி, நடுப்பகுதியை விரித்து, பக்கத்துக்கு இருவராகத் தரையில் உட்காரலாம். ஒருவர் இஞ்சுக்கு ஐந்து தையல் போடுவார், பக்கத்தில் இருப்பவர் எட்டு. ஒரே இடத்தில் உட்கார்ந்தால் போர்வையில் ஒரு மூலை மட்டும் தனியாகத் தெரியும். மணிக்கொரு தடவை இடம் மாறி உட்காருங்கள், வித்தியாசம் கலந்துவிடும். யாருடைய தையலையும் ராத்திரியில் பிரித்துத் திரும்பத் தைக்காதீர்கள். அது தெரியவந்தால் மறுவாரம் அவர் வரமாட்டார்.

முதலியார்பேட்டை
“இது வெள்ளைக்காரர் வேலை, நமக்கெதற்கு” என்று எந்தக் குழுவிலும் ஒருவராவது சொல்வார். அவர்களுக்குத் துணி போனதே இந்தக் கரையிலிருந்துதான். ஆங்கிலக் கம்பெனி கடலூர் தேவனாம்பட்டினத்தில் கோட்டையை வாங்கியது 1690-ல்; புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் 1674-லிருந்தே இருந்தார்கள். சோழமண்டலக் கரையின் சாயம் தீட்டிய துணி ஐரோப்பாவில் படுக்கை விரிப்பாகவும் போர்வையாகவும் ஆனது. அங்குள்ள நெசவாளர்கள் கூச்சல் போட, 1686-ல் பிரான்ஸும், 1700-லும் 1721-லும் போட்ட சட்டங்களால் இங்கிலாந்தும் தடுத்தன. பிரெஞ்சுத் தடை 1759-ல்தான் நீங்கியது. விலை உயர்ந்த அந்தத் துணியிலிருந்து பூவையும் கொடியையும் மட்டும் கத்தரித்து வேறு துணியில் ஒட்டித் தைக்கும் வேலை அங்கே பரவியது. சின்னத் துண்டும் வீணாகக் கூடாது என்ற கணக்குதான் அதில். அதையே நம் குழுவில் செய்வதானால், பூவின் ஓரத்தில் ஒரு நெல்மணி அகலம் துணி விட்டு வெட்டி, வளைவு உள்நோக்கி வரும் இடத்தில் மட்டும் சின்ன வெட்டு போட்டு மடியுங்கள். வெளிவளைவில் வெட்டினால் மூலை மூலையாகத் துருத்தும்.

1840-களில் அமெரிக்கப் பெண்கள் ஆளுக்கொரு கட்டம் தைத்து மையால் கையெழுத்துப் போட்டு ஒரே போர்வையாக இணைத்தார்கள். அதுபோல நீங்களும் பின்பக்க மூலையில் ஒரு துண்டுத் துணி வைத்து ஊர், வருடம், தைத்த எல்லோர் பெயரும் எழுதுங்கள். போர்வை விற்பனைக்கா, பரிசுக்கா, பணம் யாருக்கு என்பதை முதல் துணி வெட்டும் முன்பே நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவது இன்னும் நல்லது.

வீராம்பட்டினம்
கடற்கரைப் பக்கம் தைப்பவர்கள் ஊக்கைக் கவனியுங்கள். தைக்கும்வரை மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடிக்க நான்கு இஞ்சுக்கு ஒன்று என்று குத்தினால் ஒரு போர்வைக்கு 270 ஊக்கு. உப்புக் காற்றில், அதிலும் ஐப்பசி கார்த்திகையில், மலிவான ஊக்கு சில நாளிலேயே துருப்பிடித்துப் பழுப்புப் புள்ளி வைத்துவிடும். பித்தளை ஊக்கு வாங்குங்கள், அல்லது குத்திய வாரமே தைத்து முடியுங்கள். புள்ளி விழுந்துவிட்டால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அலசுங்கள். ப்ளீச்சிங் பவுடர் போட்டால் துரு இன்னும் ஆழப் பிடிக்கும்.

முடித்த போர்வையைப் பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், பூஞ்சை வரும். பழைய வேட்டியில் சுற்றி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வேறு இடத்தில் மடிப்பு விழும்படி மாற்றி மடியுங்கள். ஊக்கைக் குத்தும்போது எண்ணியதுபோல் எடுக்கும்போதும் எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் போர்வையை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.