நாளைக்குள்ள ஃபார்ம் குடுக்கணும்

அம்மா: நிலாவோட பதினொண்ணாவது கோர்ஸ் ஃபார்ம் நாளைக்குக் கடைசி. கால்குலஸ் பிசி, பிசிக்ஸ், யுஎஸ் ஹிஸ்டரி, இங்கிலீஷ் லாங்குவேஜ், பயாலஜி. அஞ்சும் ஏபி, அதாவது ஸ்கூல்லயே படிக்கற காலேஜ் லெவல் பாடம். சரியா ரவி அண்ணா?

நிலா: நான் அஞ்சுக்கு சரின்னு சொல்லவே இல்ல மாமா

அப்பா: பயாலஜி போட்டா ஸ்கூல் ஆர்கெஸ்ட்ரா கிளாஸ் போயிடும். அதான் சண்டை

பெரியம்மா: வயலினை நிறுத்தாதீங்க. தாத்தா எண்பதாம் கல்யாணத்துக்கு அவதான் வாசிக்கணும்

கார்த்திக்: நான் அஞ்சு எடுத்தேன். தூக்கமே போச்சு

பெரியம்மா: ஃபோனைப் பாத்துக்கிட்டு முழிச்சிருந்தே

கார்த்திக்: அம்மா 🙏

ரவி மாமா: கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க. இவ முக்கியமா பாக்கறது யுசி காலேஜ்கள், அதாவது அமெரிக்கால கலிபோர்னியா அரசு யுனிவர்சிட்டி. அவங்க எஸ்ஏடிங்கற நுழைவுத் தேர்வு மார்க்கைப் பாக்கறதே இல்ல. அவங்க ஜிபிஏல, அதாவது கிரேடு சராசரில, ஒன்பதாவது கிரேடு சேராது, பத்தும் பதினொண்ணும்தான். ஏபில சி அல்லது அதுக்கு மேல வாங்கினா ஒரு பாயிண்ட் கூடுதல். ஆனா அது மொத்தம் 8 செமஸ்டருக்குத்தான், அதுல பத்தாவதுலேருந்து 4-க்கு மேல எடுத்துக்க மாட்டாங்க. நிலா இப்ப வேர்ல்டு ஹிஸ்டரி ஏபி படிக்கறா, வருஷம் முழுக்கன்னா அது 2 செமஸ்டர். மிச்சம் 6. அதாவது பதினொண்ணாவதுல 3 ஏபியோட நிரம்பிடும். நாலாவது, அஞ்சாவது வீண்னு சொல்லல, எவ்வளவு கஷ்டமான பாடம் எடுத்தான்னு தனியா பாப்பாங்க. ஆனா அந்த ஜிபிஏல கூடுதல் பாயிண்ட் வராது, கிரேடு இறங்கினா மட்டும் அடி விழும்.

அம்மா: மத்த காலேஜ்?

ரவி மாமா: கவுன்சிலர் ஸ்கூல் ப்ரொஃபைல் அனுப்புவாங்க. அங்க என்னென்ன பாடம் இருக்கு, அதுல இவ எதை எடுத்தான்னு சேர்த்துப் பாப்பாங்க

பெரியம்மா: ரவி, ஐயர் அடுத்த வருஷம் சித்திரை கடைசி வாரம்ங்கறார். டிக்கெட் பாக்கட்டுமா?

நிலா: பெரியம்மா அது ஏபி பரீட்சை நேரம்!!

பெரியம்மா: அடுத்த வருஷமுமா?

கார்த்திக்: எல்லா வருஷமும் மே முதல் ரெண்டு வாரம்தான்

அம்மா: எனக்கு என்ன குரூப் வேணும்னு அன்னிக்கு யாரும் கேக்கல. அண்ணா காமர்ஸ் ஃபார்ம் வாங்கிட்டு வந்து கையெழுத்து போடுன்னார். இவளுக்காவது எதுவும் விட்டுப்போகக் கூடாதுன்னு பாக்கறேன்

ரவி மாமா: அப்பா சொல்லித்தான் வாங்கிட்டு வந்தேன் சுதா

அம்மா: விடுங்கண்ணா

அப்பா: அதுக்காக இவளையும் கேக்காம இருக்கலாமா?

ரவி மாமா: நிலா, உனக்கு எது பிடிக்கும்?

நிலா: மேத்ஸ், பிசிக்ஸ். ஹிஸ்டரியும் ஓகே. இங்கிலீஷ் டீச்சர் நல்லா நடத்துவாங்க. பயாலஜி வேணாம்

அம்மா: ஆர்கெஸ்ட்ரா எதுக்கு? யுசிக்கு மியூசிக், டிராமா மாதிரி ஆர்ட்ஸ் பாடம் ஒரு வருஷம் போதும், ஒன்பதாவதுலயே முடிச்சாச்சு

கார்த்திக்: சித்தி, வருஷக்கணக்கா ஒண்ணை விடாம செய்யறதையும் பாப்பாங்க. என்கிட்ட காட்ட அப்படி ஒண்ணுமே இல்ல

பெரியம்மா: கராத்தேயை நடுவுல விட்டது யாரு

ரவி மாமா: பயாலஜிய பன்னெண்டாவதுல எடுக்கலாம். அந்த கிரேடு யுசி ஜிபிஏல சேராது, ஆனா என்ன பாடம் எடுத்திருக்கான்னு அப்ளிகேஷன்ல வரும்

அம்மா: டாக்டருக்குன்னு மனசு மாறினா?

நிலா: ரத்தம் பாத்தாலே எனக்கு மயக்கம் வரும்மா

பெரியம்மா: அப்படியே பாட்டி. ரவி, வைகாசில கேக்கட்டுமா?

ரவி மாமா: கேளுக்கா. சுதா, ஸ்கூல் எப்ப லீவு?

அம்மா: ஜூன் முதல் வாரம் ஆயிடும்

பெரியம்மா: அப்ப வைகாசி கடைசி. ஐயர்கிட்ட பேசிட்டு சொல்றேன்

நிலா: அம்மா, நாலு ஏபி. ஆர்கெஸ்ட்ரா போட்டுடறேன்

அம்மா: இரு. மாற்றுப் பாடம்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல பயாலஜி எழுது. காலைல கவுன்சிலர்கிட்ட நானும் பேசறேன்

நிலா: அம்மாாாா

அப்பா: ரெண்டு பேரும் கீழ வாங்க, நேர்ல பேசலாம்